பாவு காத்திருக்கும், கணையம் காத்திருக்காது

நூல் கொடுத்து, நூறு குடும்பத்துக்குச் சோறும் கொடுத்து, இன்று தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் மாஸ்டர் வீவர் நாகபூஷணம் ஐயா அவர்களே! தறிச்சத்தமே தாலாட்டாகத் தூங்கி வளர்ந்த நகரிப் பெரியோர்களே! சாயக்கறை காயாத கையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! பந்தல் காலில் சாய்ந்து சோடா குடிக்கும் தம்பிமார்களே! இதே தெருவில் பிறந்து, திருப்பதியில் புற்றுநோய் வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக நிற்கும் ரோஹிணி உங்களை வணங்குகிறேன்.

விழிப்புணர்வுக் கூட்டம், பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போ என்றார்கள். மாட்டேன்! நான் ஒரே ஒரு மனிதனுக்காகப் பேச வந்திருக்கிறேன். அதோ, நாலாவது வரிசையில் துண்டால் முகத்தை மறைக்கிறானே, என் கூடப்பிறந்த தம்பி தணிகைவேல். அவன் கணையத்தில் கட்டி. உடனே வந்து படு என்று டாக்டர் சொல்லி எட்டு நாள் ஆகிறது. இவன் என்ன சொன்னான் தெரியுமா? "பாவு ஏத்திட்டேன்க்கா. எறங்கட்டும், வரேன்."

தறியில் ஏற்றிய பாவு நூல் முழுதும் நெய்து இறங்கும்வரை நெசவாளி வெளியூரில் இராத் தங்கக் கூடாது, வேறு கை அதைத் தொடவும் கூடாது. மீறினால் சாபம். இது நம் வழக்கம். நம் அப்பன் பாட்டன் வழக்கம். இருக்கட்டும்! அவன் பாவு இறங்க இன்னும் இருபத்தைந்து நாள். அதுவரை அந்தக் கட்டி கைகட்டி நிற்குமா? முகூர்த்தம் பார்த்தா முளைத்தது? பஞ்சாங்கம் பார்த்தா பரவும்?

தாய்மார்களே, கஞ்சி போகாத துணியில் சாயம் பிடிக்குமா? பிடிக்காது என்று நீங்களே தலையாட்டுகிறீர்கள். கணையக் கட்டியும் அப்படித்தான். தன்னைச் சுற்றி நார்நாராய் ஒரு சுவரை எழுப்பிக்கொள்ளும். ரத்தக்குழாயை நெரிக்கும், ஏற்றுகிற மருந்தை உள்ளே விடாது. நோயோடு சண்டை போட வேண்டிய நம் ரத்தத்துச் சிப்பாய்களை வெளியிலேயே நிறுத்தும், உள்ளே போனவனையும் மயக்கித் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். அங்கேதான் அந்த இடத்தை மட்டும் தாக்குகிற வைத்தியம் வருகிறது. குறிவைத்துக் கதிர் பாய்ச்சுகிறார்கள், சில ஊர்களில் ஊசி செருகி மின்சாரத் துடிப்பும் கொடுக்கிறார்கள். கட்டி சிதைகிறது. சிதைந்த துணுக்கைப் பார்த்துச் சிப்பாய்கள் எதிரியை அடையாளம் காணலாம்.

காணலாம் என்றுதான் சொன்னேன், காணும் என்று சொல்லவில்லை. பொய் சொல்லி என் தம்பியைக் கூட்டிப்போக மாட்டேன். அதே கதிர் சிலருக்கு அந்தச் சுவரை இன்னும் இறுக்கிவிடும். எதோடு எதைச் சேர்த்தால் சுவர் இளகும் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சித்தூரிலிருந்து சாம்ராஜ் என்றொரு வாத்தியார் வந்தார். மருந்தும் கதிரும் கொடுத்த பிறகு, ரத்தக்குழாயை ஒட்டியிருந்த கட்டி விலகியது, வெட்டி எடுத்தார்கள். மூன்று வருடமாகிறது, ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடுகிறார். அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு அம்மா. அதே மருந்து, அதே கதிர். பிழைக்கவில்லை. இரண்டும் என் கண்ணால் கண்டது.

என்ன வெங்கட், ஏன் எழுந்து நிற்கிறாய்?

"ஊசி பட்டா பரவிடும்னு சொல்லிக்கினு கீறாங்களேக்கா!"

யார்டா சொன்னது? பத்தொன்பது வருஷமா பாத்துக்கினு கீறேன். ஊசி பட்டுப் பரவினதுன்னு தேடினாலும் கெடைக்கல. ஊசிக்குப் பயந்து ஊட்ல குந்திக்கினு இருந்தவங்கதான் வார்டு பூரா கீறாங்க. உட்கார்!

தம்பி, உன் கட்டி இன்று ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சுற்றி வளைத்துவிட்டால் கத்திக்கும் வழியில்லை. இப்போதாவது வருகிறாயா?

"பாவு கீதேக்கா... பாதில உட்டா குடும்பத்துக்கு ஆவாதே."

கேட்டீர்களா ஐயா? உயிர் போனால் குடும்பத்துக்கு ஆகுமாம், பாவு நின்றால் ஆகாதாம்! ஊரே பயப்படுகிற சாபத்தைப் பற்றிக் கேட்கிறேன், வந்தால் யார்மேல் வரும்? பாவு நூலை அறுத்தவர்மேல்தானே?

அறுத்துவிட்டேன்!

சத்தம் போடாதீர்கள். சாயங்காலம் இவன் டீக்கடைக்குப் போனபோது உள்ளே நுழைந்து, வார்டில் காயக்கட்டுப் பிரிக்கிற இந்தக் கத்தரிக்கோலால் நானேதான் அறுத்தேன். இவன் பெண்டாட்டி வள்ளி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளும் அழுதாள், நானும் அழுதேன். நாகபூஷணம் ஐயா, நூல் உங்களுடையது. பஞ்சாயத்து வைப்பதானால் என்மேல் வையுங்கள். சாபம் இருந்தால் அதுவும் என் தலைமேல் வரட்டும், இந்தத் தலை நிறைய சாவைப் பார்த்தது, பயப்படாது.

தணிகைவேலு, உன் தறியில் இப்போது ஒன்றுமில்லை. காலையில் ஐந்தரைக்குத் திருப்பதி பஸ். வள்ளி துணிப்பையைக் கட்டிவிட்டாள்.

கோபத்தைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வாருங்கள், அவன் பஸ் ஏறும்வரை இந்த ஊரைவிட்டு நான் நகர மாட்டேன். வணக்கம்!