எண்பத்தாறு கிலோ மச்சானும் அறுபத்திரண்டு கிலோ மாப்பிள்ளையும்

விருந்துக்கு வந்த இடத்துல சும்மா புத்தி சொன்னா யார் கேட்கிறாங்க? ஒரு குட்டிக் கதையா சொல்லிடறேன்... கேளுங்க.

பவுன்ராஜ்னு ஒருத்தர். மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவர். எடை எண்பத்தாறு கிலோ. அவர் தங்கச்சி மலரைக் கட்டினவர் சந்தனகுமார். ஆபீஸ்ல உட்கார்ந்த வேலை. எடை அறுபத்திரண்டு. ரெண்டு பேரும் ஒரே உயரம்.

மார்க்கெட்டுல மருத்துவ முகாம் போட்டாங்க. மச்சானோட சந்தனகுமாரும் போனாரு. எடை பார்த்தாங்க... உயரம் பார்த்தாங்க... சீட்டைக் கையில கொடுத்தாங்க. அவ்வளவுதான்! பவுன்ராஜ் சீட்டுல ‘உடல் பருமன்’. சந்தனகுமார் சீட்டுல ‘நார்மல்’.

விடுவாரா சந்தனகுமார்? மச்சான் சீட்டைப் படம் பிடிச்சு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டாரு. “மச்சான், இனிமே வாயைக் கட்டுங்க மச்சான்!” சொல்லிட்டு இவர் ரெண்டு பரோட்டா கூடுதலா சாப்பிட்டாரு. நார்மல் ஆச்சே!

பவுன்ராஜ் ரோஷக்காரர். ரெண்டு நாள் வெறும் மோர். மூணாம் நாள்... மூட்டையோட தலை சுத்தி உட்கார்ந்துட்டாரு. “இனி இந்த வேலை என்னால முடியாதோ”ன்னு அந்தப் பெரிய மனுஷன் கண் கலங்கிட்டாரு.

மலருக்கு வந்துது பாருங்க கோபம்! அண்ணன், புருஷன் ரெண்டு பேரையும் இழுத்துட்டு ஒரு டாக்டரம்மாகிட்ட போயிட்டாங்க. அவங்க சீட்டைப் பார்த்தாங்க. “இதுல எடை இருக்கு. நோய் இருக்கா இல்லையான்னு எங்கே இருக்கு?” இஞ்ச் டேப்பை எடுத்தாங்க. பவுன்ராஜ் இடுப்பு முப்பத்திமூணு. அடுத்து சந்தனகுமார்... வயித்தை எக்கிட்டு நிக்கிறாரு!

“மூச்சை விடுங்க.”

தலையை ஆட்டுறாரு. விடலை.

“எனக்கு அவசரமில்லைங்க... மெதுவா விடுங்க.”

எவ்வளவு நேரம் பிடிப்பாரு? புஸ்ஸ்ஸ்... நாற்பது!

“தூக்கத்துல குறட்டை உண்டா?”

“சேச்சே!”

மலர் சும்மா இருப்பாங்களா? “டாக்டர், ராத்திரியில மிக்ஸி ஓட்டாதீங்கன்னு மாடி வீட்டுக்காரங்க வந்து சொல்லிட்டுப் போறாங்க. எங்க மிக்ஸி ரிப்பேராகி மூணு மாசம் ஆச்சு!”

ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் பண்ணினாங்க. பவுன்ராஜுக்கு எல்லாம் சரி, பட்டினி கிடந்ததாலதான் தலை சுத்தியிருக்கு. சந்தனகுமாருக்கு சர்க்கரை கூடுதல், கல்லீரல்ல கொழுப்பு.

“ஒரு வாரம் மாத்திரை போட்டா சரியாயிடுமா டாக்டர்?”

“இது காய்ச்சல் இல்லீங்க. பிரஷர் மாதிரி, வருஷக்கணக்கா கூடவே இருக்கிற நோய். தொடர்ந்து பார்த்துக்கணும். உங்க குத்தம்னு தலை குனியாதீங்க.”

வெளியே வந்ததும் சந்தனகுமார் குரல் இறங்கிடுச்சு. “மச்சான்... குரூப்ல போட்டுடாதீங்க.”

“நான் எதுக்குய்யா போடுறேன்? காலையில அஞ்சரைக்கு வரேன். நடக்கப் போவோம் மாப்ள.”

ஆறு மாசம் ஆச்சு. நடை, மருந்து, மாசாமாசம் டாக்டர். சர்க்கரை இறங்கியிருக்கு. கீழ் வீடு, மாடி வீடு ரெண்டுலயும் நிம்மதியா தூங்குறாங்க.

இப்ப சொல்லுங்க... பருமனா இருக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஒல்லியா தெரியுறவரைக் கவனிக்காம விட்டுடறோம். ரெண்டும் தப்பா இல்லையா? எடை பாருங்க... அதோட நிறுத்தாதீங்க. இடுப்பை அளங்க, ரத்தம் சோதிங்க, மூச்சு வாங்குதான்னு கேளுங்க. நோய்னு தெரிஞ்சா, நோயாளியை நடத்துற மாதிரி மரியாதையா நடத்துங்க. கேலி பண்ணி யாருக்கும் சர்க்கரை இறங்கினதில்லை!

இந்த மண்டப வாசல்லயே இடுப்பு அளக்க, சர்க்கரை பார்க்க ஒரு நர்சம்மா காத்திருக்காங்க. சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாடி அவங்ககிட்ட போங்க. பாயசம் குடிச்சிட்டுப் போய் அளந்துட்டு... என்கிட்ட சண்டைக்கு வராதீங்க!