வரிக்குப் பக்கத்தில் இருந்த பெயர்

இல்லைங்க மேடம், சொல்ல மாட்டேன்னு சொல்லல. அந்தப் பொண்ண உங்க கம்பெனில வேலைக்கு எடுக்கலாம் எடுக்க வேணாம்னு ஒரே வார்த்தைல முடியற விஷயம் இல்லன்னுதான் சொன்னேன். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. இருங்க, கதவச் சாத்திட்டு வந்துடறேன்.

அந்தப் பொண்ணு இங்க அஞ்சு வருஷம் என் பக்கத்து மேசைல வேலை பாத்துச்சு. பூதக்கண்ணாடின்னு பட்டப்பேரு. கிண்டலுக்கு வெச்சதுதான், ஆனா பொருத்தமாப் போச்சு. மத்தவங்க கைவிட்ட பிழையெல்லாம் கடைசில அதுகிட்டதான் போகும். என்னை அண்ணான்னு கூப்பிடும்.

எங்க வேலை என்னன்னு தெரியுமில்ல? பிரவுசருக்கு உள்ள ஓடற எஞ்சின். நீங்க ஒரு பக்கத்தத் தொறந்தா அதை வரைஞ்சு திரையில காட்டறது அதுதான். வரையறதுக்கு கம்ப்யூட்டர்கிட்ட மெமரி வாங்கும், வேலை முடிஞ்சதும் திருப்பி விட்டுடணும். விடாம வெச்சுக்கிட்டே போனா அதை லீக்குன்னு சொல்லுவோம். கொஞ்ச நேரம் பாத்துட்டு மூடற பக்கத்துல ஒண்ணும் தெரியாது. நாள் பூரா தொறந்தே கிடக்கிற பக்கத்துலதான் கழுத்தப் பிடிக்கும்.

போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரிலேர்ந்து புகார் வந்துச்சு. நோயாளிங்க காத்திருக்கிற ஹால்ல டோக்கன் நம்பர் காட்டற திரை, அது நம்ம எஞ்சின்ல ஓடுது. காலைல நல்லாதான் இருக்குமாம், மத்தியானம் திணறுமாம். ஒருநாள் மூணு மணிக்கு ஒரே நம்பர்ல நின்னுடுச்சு. மத்தவங்க எழுந்து போய் உள்ள கேட்டுக்கிட்டாங்க. அடுத்த நம்பர் வெச்சிருந்த பெரியவர் மட்டும் எழுந்திருக்கல. கேட்டா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு சீட்டக் கையில வெச்சுக்கிட்டு திரையையே பாத்துட்டு இருந்திருக்காரு. நெஞ்சு வலின்னு வந்தவரு மேடம். ஏழு மணிக்கு ஹாலப் பெருக்க வந்த அம்மாதான் பாத்துட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. இல்ல இல்ல, பிழைச்சுட்டாரு. அவர் மகள் எழுதின கடிதத்த எங்க மேலாளர் மீட்டிங்ல முழுசாப் படிச்சாரு.

ஆனா எங்க யாருக்கும் அந்தப் பிழை பிடிபடல. தொறந்து பாப்போம், அஞ்சு நிமிஷம் நல்லா ஓடும், மூடிடுவோம். அவங்க மெஷின் பழசா இருக்கும்னு சொன்னதே நான்தான். அந்தப் பொண்ணுதான் கேக்கல. அவங்க வெச்சிருக்கிற நேரம் நாம வெச்சுப் பாக்கலியே அண்ணான்னு சொல்லிட்டு, வெறும் ஒரு நம்பர் மட்டும் மாறிக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதி, ஓரமாக் கிடந்த மெஷின்ல ஓட விட்டுச்சு. யாரும் அணைச்சுடாதீங்கன்னு அட்டைல எழுதி ஒட்டிச்சு. மணிக்கு ஒரு தடவ, மெமரில என்னென்ன இருக்குன்னு அப்படியே ஒரு படம் எடுக்கும். ரெண்டு படத்தப் பக்கத்துல பக்கத்துல வெச்சு எது கூடியிருக்குன்னு பாக்கும். லட்சக்கணக்குல பொருள் இருக்கும் மேடம் அதுல. ஏறும், இறங்கும், அது சகஜம். ஏறி இறங்காம நிக்கறது எதுன்னுதான் தேடணும்.

பதினோரு நாள். பன்னெண்டாம் நாள் காலைல கண்டுபிடிச்சுடுச்சு. நம்பர் மாறும்போதெல்லாம் பழைய கட்டம் போய் புதுக் கட்டம் வருது. கூடவே அந்தக் கட்டத்தக் கவனிக்க ஒரு காவலாளும் உண்டாகுது. கட்டம் காவலாளப் பிடிச்சிருக்கு, காவலாள் கட்டத்தப் பிடிச்சிருக்கு. திரையிலேர்ந்து எடுத்த பிறகும் ரெண்டும் ஒண்ண ஒண்ணு விடல. யாரோ இதை வேணும்னு வெச்சிருக்காங்கன்னு நெனச்சு, வேண்டாத மெமரியச் சுத்தம் பண்ற பகுதியும் தொடாமப் போயிடுது. இறுக்கிப் பிடிக்காத, பாத்துக்கிட்டு மட்டும் இருன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தாப் போதும். ஒரே வரி.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் அதைக் கடைசியா யார் தொட்டாங்கன்னு பேர் வரும் எங்களுக்கு. அந்த வரிக்குப் பக்கத்துல அந்தப் பொண்ணு பேரு.

என் மேசைக்கு வந்துச்சு. அண்ணா, நான்தான் போலிருக்கு, எழுதின ஞாபகமே இல்ல, ஆனா என் பேர்தான் இருக்குன்னு திரையத் திருப்பிக் காட்டுச்சு. பாத்தேன். பரவால்லம்மா, யாருக்கும் நடக்கறதுதான்னு சொன்னேன். கீழ கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அழுதுச்சு. அந்தப் பெரியவர் நாலு மணி நேரம் உக்காந்திருந்தாரேன்னு சொல்லிச் சொல்லி அழுதுச்சு.

மறுநாள் மீட்டிங்ல யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே எழுந்து, என் தப்புன்னு சொல்லிடுச்சு. மேலாளர் சத்தம் போடல. கொஞ்ச நாளைக்கு வேற வேலை பாரும்மான்னாரு. எஞ்சின் பக்கமே விடாம, அதைப் பத்தின விளக்கக் குறிப்பத் திருத்தற வேலைல போட்டாங்க. மூணு மாசம் பொறுத்துப் பாத்துச்சு, அப்புறம் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுச்சு. போற அன்னிக்கு எங்கிட்ட வந்து, அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் அண்ணா ஆறுதலாப் பேசினீங்கன்னுச்சு.

இல்ல மேடம், இனிமேதான் உங்களுக்கு வேண்டியது வருது. அந்த ஆஸ்பத்திரி புகாருக்கு ஒரு வருஷம் முன்னாடி, நாங்க எழுதின கோடு இருக்கிற ஒரு ஃபோல்டர் முழுக்க வேற இடத்துக்கு மாத்தற வேலை வந்துச்சு. யாருக்கும் பிடிக்காத வேலை, அந்தப் பொண்ணு தலைல கட்டினோம். அப்படி மாத்தினா உள்ள இருக்கிற அத்தனை வரிக்கும் மாத்தினவங்க பேர் வந்துடும். முதல்ல எழுதினது யாருன்னு பாக்கணும்னா, பழைய பதிவுல ஒரு படி பின்னாடி போகணும். ஒரே ஒரு தட்டு. யாரும் தட்டல. எல்லாத்தையும் தோண்டற பொண்ணு, தப்பு தன்மேலன்னு வந்ததும் அதுக்கு மேல தோண்டல.

நான் எழுதின வரி மேடம் அது. ஒரு வெள்ளிக்கிழமை, சீக்கிரம் கிளம்பற அவசரத்துல எழுதினது. திரையத் திருப்பிக் காட்டினப்பவே தெரிஞ்சுடுச்சு, நம்ம கையெழுத்து நமக்குத் தெரியாதா.

எழுதிக்குங்க. என் பேரும் போட்டுக்குங்க, பரவால்ல. ஏன் இவ்வளவு நாள் கழிச்சுன்னா, என்ன சொல்றது. நீங்க நேர்ல வந்துட்டீங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனிலேர்ந்து போன்லதான் கேட்டாங்க. நல்ல பொண்ணுதான், கவனம்தான் கொஞ்சம் கம்மின்னு சொல்லி வெச்சுட்டேன்.