சிவப்புப் பெட்டி

சின்னக் கடைக்குச் சாஃப்ட்வேர் வாங்குகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள், சார். அது என்னென்ன செய்யாது என்று கேட்டவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

எங்கள் மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக நான்தான் மருந்தாளுநர். முதலாளிக்கு மருந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அட்டைப் பெட்டியின் நிறம். கம்ப்யூட்டர் போடலாம் என்று முடிவானதும், இரண்டு சாஃப்ட்வேர்களை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒன்று மலிவு. பில் போடும், இருப்பைச் சொல்லும், அவ்வளவுதான். மற்றது விலை கொஞ்சம் கூடுதல். ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகளை ஒரே ஆளின் பில்லில் ஏற்றினால் திரையில் சிவப்புப் பெட்டி வந்து மறித்துக்கொள்ளும். காரணம் எழுதாமல் நகராது.

முதலாளி அந்த நான்கு பக்கத்தின் மேல் டீ டம்ளரை வைத்தார். செல்போன் உறை விற்கும் அவருடைய மருமகன் மலிவானதைத் தொட்டுக் காட்டி, "இது போதும் மாமா" என்றான். அந்த வீட்டில் யோசனை என்பது அவ்வளவுதான்.

"சிவப்புப் பெட்டியெல்லாம் எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே!" என்று முதலாளி என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

நான் இருந்தேன். பத்தொன்பது வருடமாக என் தலைக்குள் ஓடிய சிவப்புப் பெட்டி அவருக்கு இலவசமாகவே கிடைத்துவந்தது.

அன்றோடு டாக்டர் சீட்டுகளைச் சரிபார்ப்பதை நிறுத்தினேன். கோபத்தில் அல்ல. அவர் வாங்கிய பொருள் எவ்வளவு பார்க்குமோ அவ்வளவு நானும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் எதிர்க்கடைத் தையல்கார அம்மா வந்தார். என் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துத் தருகிறவர். ரத்தம் உறையாமலிருக்க எப்போதும் வாங்கும் மாத்திரையோடு, மூட்டு வலிக்கு வேறொரு டாக்டர் எழுதிய புதுச் சீட்டும் வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசியும். சீட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

"ரெண்டையும் சேத்துச் சாப்பிடலாமா தம்பி?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"அப்பச் சரி. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒன்பதாம் நாள் ரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அவர் மகள் வந்து சொல்லி அழுதாள். முதலாளி உச்சுக்கொட்டினார். "வயசாயிடுச்சுல்ல" என்றார்.

எப்படிப்பட்ட மனிதர் பாருங்கள். ஒரு சாவைக் கண்ணெதிரே வைத்தும் அவருக்கு விளங்கவில்லை. அதனால் இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். லிஃப்ட் பழுதுபார்ப்பவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். வேன் டிரைவர் பிழைக்கவில்லை. அவர் மனைவிக்குக் கொஞ்சம் மூளை இருந்தது. இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

மூன்று பேருக்கும் தெரிந்தேதான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

போன வாரம் மருமகனே போய் நான் சொன்ன சாஃப்ட்வேரை வாங்கி வந்தானாம். இனி அங்கே யாருக்கும் ஆபத்தில்லை. என்னை எப்போது வெளியே விடுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், சார். அதை ஒழுங்காக ஓட்டத் தெரிந்த ஆள் அவர்களிடம் கிடையாது, என்னைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.