மயிலம் மலைக்கு ரெண்டாவது கியர்

மழையில் செங்கல் சூளை வேலை நின்றுபோனதால் விழுப்புரத்தை விட்டுத் திண்டிவனம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். செருப்பு அறுந்ததும் வந்த பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. புருஷன் மடியில் இன்ஜின் ஆயில் டப்பா.

“நாளைக்கு காரு கத்தட்டும்யா. நீ கத்தாத,” என்றார் அந்த அம்மா.

“நான் கத்தலன்னா இன்ஜின் போயிருக்கும்டி.”

“போன வாரம் மயிலம் மலையில யாரால நின்னுச்சி? ரெண்டாவது கியர்ல நல்லா ஏறிக்கினு இருந்தேன். ‘மூணு போடு, மூணு போடு’ன்னு உசுர வாங்கின. போட்டதும் மொனகிக்கினு நின்னுடிச்சி. சவாரி வந்தவங்க எறங்கி நடந்தாங்க.”

“அந்தச் சத்தத்துல இன்ஜின் வெடிச்சிடும்போல இருக்குதுடி.”

“சத்தத்துல இன்ஜின் போவாது. ஆயிலு இல்லன்னா போவும். காலையில சில்லுன்னு இருக்கசொல்லவே மிதிச்சா போவும். கீழ மெதுவா ஓட்டி சூடாக்கிக்கினுதான் மலையில மிதிப்பேன். நீ சூடு காட்டுற முள்ள மட்டும் பாரு. செவப்புக்கு ஏறினா அப்ப கத்து, நிறுத்துறேன்.”

“நாளைக்கும் நின்னா கல்யாணக்காரங்க இனிமே நம்ம காரைக் கூப்புடவே மாட்டாங்க.”

“அதான் சொல்றேன், வாய மூடிக்கினு வா.”

கூட்டேரிப்பட்டில் இறங்கினார்கள். எனக்குப் போகவேண்டிய ஊர் என்று ஒன்றும் இல்லாததால் நானும் இறங்கினேன்.

மறுநாள் காலை மயிலம் மலையடிவாரத்தில், ஒரு டிபன் கடையில் என்னைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டார்கள். முதல் அண்டாவைத் தேய்க்கும்போது ஒரு கார் நிறைய ஆட்களோடு கத்திக்கொண்டே மலை ஏறியது. அந்த அம்மா ஓட்டினார். பக்கத்தில் புருஷன், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. சத்தம் உச்சிவரை அறுபடாமல் கேட்டது. அடுத்த அண்டாவை இழுத்துப் போட்டேன்.