ரோகிணிக்குக் காச்சுன எண்ணெ

அந்த ஷாம்புவ விட்டுரு தாயி. திருப்பூருல உப்புத் தண்ணிங்கிற, அதுல தெனமும் நொரையப் போட்டுத் தேச்சா முடி எப்பிடித் தங்கும்? சோறு வடிச்ச கஞ்சியில சீயக்காயக் கரைச்சுக் குளி. ஹாஸ்டல்ல வடிக்க மாட்டாகளா? குக்கரா? சரி, அப்ப வெந்தயத்த ஊறப்போட்டு அரைச்சுக்க.

கையக் காட்டு. நகமெல்லாம் ஏன் இப்பிடிப் பிஞ்சு கெடக்கு? பனியன் கம்பெனியில பிசிறு எடுக்குற வேலையா, அதேன் பாத்தேன். படுக்கப் போறப்ப ரெண்டு சொட்டுத் தேங்காண்ணெயச் சூடு காட்டி நகக்கண்ணுல தேச்சுவிடு. அந்தப் பாலிச அழிச்சுட்டுத் தேயி, அது மேல தேச்சா எறங்காது. முருங்கக்கீரையும் திங்கணும். ஒடம்புல ரத்தம் இல்லாம மேல பூசி என்னத்துக்கு ஆகும்?

இந்த மஞ்சப்பையா? எண்ணெ பாட்டிலுதேன். கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் இடிச்சு, சாறு பிழிஞ்சு, செக்குல ஆட்டுன தேங்காண்ணெயில ஊத்திச் சின்னத் தீயில காச்சுனது. சடசடன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அது அடங்குற வரைக்கும் அடுப்ப விட்டு நகரக் கூடாது. அவசரப்பட்டு எறக்குனா கெட்டுப்போகும்.

எனக்கில்ல தாயி, எம்மக ரோகிணிக்கு. அவளும் திருப்பூருலதேன் இருக்கா. பிள்ள பெத்து மூணு மாசம் ஆகுது. பிள்ள பெத்தவளுக்கு இந்த நேரம் முடி கொட்டத்தேன் செய்யும், பெறகு தன்னால மொளச்சிரும். ஆனா அத அவளுக்கு யாரு சொல்லுவா? எங்க பக்கத்து வீட்டு ஐரின் டீச்சரு போனுக்குக் கூப்புட்டு ரோகிணி எங்கிட்டப் பேசுனா. அம்மா, சீப்ப வச்சா கொத்துக் கொத்தா வருதும்மான்னு அழுதா. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு வண்டிச் சத்தம் கேட்டுருச்சு, வச்சுட்டேன். பேத்தி பொறந்துருக்குன்னு பெறகு டீச்சரு கேட்டுச் சொன்னாக.

வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டுப் போனவ. வீட்டுல அவ பேரையே எடுக்கக் கூடாது. பேர எடுக்காம இருந்துரலாம், எண்ணெ காயுற வாசத்த எங்கிட்டு ஒளிக்க? யாருக்குன்னு கேட்டாரு. என் தலைக்குன்னேன். என் தலையில இருக்குறது சுண்டக்கா கொண்ட. அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெறகு துண்டத் தோளுல போட்டுட்டு வெளிய போயிட்டாரு.

நானே போலாம்தேன். மூட்டுக்கு ஊசி போடப் போறேன்னு செக்கானூரணியில இருந்து வந்துருக்கேன், பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுல இருக்கணும். அதேன் குடுத்துவிட ஆளு தேடி இந்த ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்கிக்கிட்டு இருந்தேன். உன் முடியப் பாத்ததும்தேன் பக்கத்துல ஒக்காந்தேன். நீ குடுத்துருவ தாயி. டீச்சரு அவகிட்டச் சொல்லிட்டாக, பஸ்ஸு நிக்கிற எடத்துல பிள்ளையத் தூக்கிக்கிட்டு நிப்பா. உனக்கும் ரெண்டு கரண்டி ஊத்திக்க. பிள்ள தலையில தொட்டு வைக்கலாமான்னு கேட்டா, இப்ப வேணாம், சளி பிடிக்கும்னு நான் சொன்னேன்னு சொல்லு.

அடையாளமா? முந்தின்னா இடுப்புக்குக் கீழ சடை கெடக்கும்னு சொல்லுவேன். இப்ப எம்புட்டு மிச்சமோ. இந்தா, இந்த மொகத்தப் பாத்துக்க. வீட்டுல இருந்த போட்டோவெல்லாம் அவரு அடுப்புல போட்டுட்டாரு, இது பிளக்ஸுல இருந்து நான் கத்தரிச்சு வச்சது. ஏன் கையப் பின்னால இழுக்குற? பயப்படாத தாயி. மால போட்டு, கீழ கண்ணீர் அஞ்சலின்னுதேன் இருக்கும். அவ போன மறுநாளு அவுக அப்பாதேன் ஊரு முக்குல கட்டுனாரு. எம்மக உசுரோடதேன் இருக்கா.

கண்டக்டர் விசிலு ஊதுறாரு, நான் எறங்குறேன். பாட்டில நிமித்தி மடியிலயே வச்சுக்க தாயி, கீழ வச்சுறாத.