பொலினாவின் மூன்று கிலோ

"தாத்தா, உங்கடை வீட்டு வெள்ளைக்கார அக்காவுக்கு ஏன் சாப்பாடு குடுக்கிறேல்லை?"

கேட்டவள் பக்கத்து வீட்டுக் கீர்த்திகா. ஆறு வயது. கேள்வியில் பிழையில்லை, கேட்ட இடந்தான் பிழை. வெள்ளிக்கிழமை மத்தியானம், செல்வச்சந்நிதி கோயிலடி அன்னதான மடத்தில், நான் சாம்பார் வாளியோடு பந்தியில் குனிந்திருந்தேன். பந்தி முழுக்கச் சிரித்தது. சோறு போட்டுக்கொண்டு வந்த சிவகரன் நிமிராமலே சொன்னான்:

"பஞ்சலிங்கமண்ணை ஊருக்கெல்லாம் போடுவார். வீட்டிலை வாடகையையும் வாங்கிப்போட்டுப் பட்டினி போடுவார்."

நானும் சிரித்தேன். பொறுமை பெரிய குணம் என்று நம்புகிறவன் நான். அந்த வாளியை வருடக்கணக்காகத் தூக்குகிறேன். ஊரில் எனக்கு இருக்கிற நல்ல பெயர் முழுவதும் அந்த வாளிக்குள்தான் இருக்கிறது. ஆனால் பிறகு நான் செய்ததற்கும் அந்தச் சிரிப்புக்கும் தொடர்பில்லை. நான் செய்தது இரக்கத்தினால்.

வாடகைக்கு இருந்தவர்கள் பொலினாவும் அந்தோனும். பனித்தரையில் சோடியாகச் சறுக்கி ஆடுகிற ரஷ்யர்கள். இளவயதில் நான் அந்த நாட்டில் பொறியியல் படித்தவன். என் ரஷ்ய மொழி துருப்பிடித்திருந்தாலும் அறை வாடகைக்கு விடப் போதும்.

பொலினா நாலு வயதில் சறுக்குச் சப்பாத்துப் போட்டவள். தனியாக ஆடுவதற்குப் பாய்ச்சல் போதாது என்று பதின்மூன்று வயதில் அவளை அந்தோனோடு சேர்த்தார்களாம். அன்றிலிருந்து பறப்பது அவள் வேலை. தூக்குவதும் எறிவதும் பிடிப்பதும் அவன் வேலை. இளையோர் போட்டியில் நாட்டிலேயே மூன்றாமிடம் எடுத்தார்கள். வளர்ந்த பிறகு வெளிநாட்டுப் போட்டிகளின் கதவு அவர்களுடைய நாட்டுக்கு மூடப்பட்டது. உள்நாட்டுப் போட்டியில் போன வருடம் நாலாமிடம். வருகிற மார்கழியில் மூன்றுக்குள் வந்தால் தேசிய அணி, இல்லாவிட்டால் வீடு.

அந்தோனின் தோளில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. சூடான ஊரில் ஆறவிடுங்கள், ஆனால் தின்பதற்கு ஒன்றும் அகப்படாத இடமாகப் பாருங்கள் என்று பயிற்றுநர் சொல்லி அனுப்பினாராம். அவர்கள் வரைபடத்தில் தேடித் தொண்டைமானாற்றில் வந்து இறங்கினார்கள். எங்கள் சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர் இருப்பது வரைபடத்தில் இல்லை.

பொலினா நாற்பத்திரண்டு கிலோவைத் தாண்டக்கூடாது. தைத்த தோள் அவ்வளவுதான் தாங்கும். அவள் கொண்டுவந்த மின்சாரத் தராசு எங்கள் உப்புக்காற்றில் செத்துப்போனது. அதனால் எங்கள் வீட்டு முள்வைத்த நிறை மெஷினில் காலையில் ஏறி நின்று, முள்ளைப் படமெடுத்துப் பயிற்றுநருக்கு அனுப்புவாள். பிறகு ஒரு அவித்த முட்டை, பாதி வெள்ளரிக்காய். மத்தியானமும் அதேதான். நாங்கள் சாப்பிடும்போது அவள் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமைப் பகிடியை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி ஞானாம்பிகைக்கு என் நினைப்பு விளங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ, அது அந்தப் பிள்ளையின்ரை தொழில். கேளாமல் ஒண்டும் குடுத்துப்போடாதேங்கோ."

"ஓம்" என்றேன். அதனால் அடுத்த நாள் அவளை எழுப்பாமல் நானே வெள்ளெனவே எழும்பி இலைக்கஞ்சி வைத்தேன். முல்லை இலை, முசுட்டை இலை, கொஞ்சம் பச்சையரிசி, தேங்காயின் முதற்பால். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு கரண்டி நெய். பச்சை நிறத்துக்குள் எதுவும் தெரியாது. பொலினாவிடம், இது இலையை அவித்த தண்ணீர், எங்கள் ஊர் மருந்து என்றேன். அதில் இலையும் இருந்தபடியால் அதை முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

அவள் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

"உங்கள் நாட்டில் இலைகூட இனிக்கிறது" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்தவர் எவரும் இரண்டாவது கோப்பை ஊற்றாமல் இருக்கமாட்டார். கீர்த்திகாவைக் கூப்பிட்டு மதிலுக்கு மேலால் காட்டவும் செய்தேன். பிள்ளைகள் நல்லதைப் பார்த்து வளரவேண்டும்.

ஒரு கிழமை முடியமுதல் முள் கொஞ்சம் நகர்ந்தது. பொலினா மெஷினிலிருந்து இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் பார்த்தாள். பிறகு முட்டையைத் தொடவில்லை. பின்னேரம் அவள் அழுதிருந்தது தெரிந்தது. அவ்வளவு சின்ன நகர்வுக்கு அவ்வளவு கவலை. மெஷினின் அடியில், முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அதை விரலால் சற்றுப் பின்னுக்குத் திருப்பினேன். அடுத்த நாள் முள் நாற்பத்திரண்டில் நின்றது. அவள் சிரித்தாள். ஒரு பிள்ளையின் மனதை ஆற்ற இதைவிட மலிவான வழியை நான் அறியேன். அதன் பிறகு தேவைப்பட்டபோதெல்லாம் ஆற்றினேன்.

தோள் ஆறிவிட்டது, தூக்கலாம் என்று அவர்களுடைய வைத்தியர் அனுமதி கொடுத்த நாளில், வேப்பமரத்தடி மணலில் மெத்தை விரித்தார்கள். நான் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அவன் அவளை ஒரே கையால் தலைக்கு மேலே உயர்த்தினான். அவள் அங்கே விரிந்து நின்றாள். கோபுரக் கலசத்தைப் பார்ப்பதுபோல நான் அண்ணாந்து பார்த்தேன். ஈரத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவன் அவளைப் போட்டுவிடவில்லை. அந்தக் கையாலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தான். போட்டிருந்தால் தோள் மிஞ்சியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க நான்தான் போனேன். இனி இந்தக் கையால் ஆளைத் தூக்கமுடியாது என்பதை ரஷ்ய மொழியில் சொன்னது என் வாய்தான். அங்கே நடைபாதையில் ஒரு தராசு இருந்தது. பொலினா அதில் ஏறினாள். நாற்பத்தைந்து.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் நித்திரையில் எழும்பித் தின்றிருக்கிறேன்" என்றாள். "எனக்கே தெரியாமல். அவனை முடித்தது நான்தான்."

அப்போது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அவள் அந்த நேரத்தில் எதிர்பார்த்தது ஆறுதலை. நான் அவளுடைய தலையைத் தடவி, கடவுள் மன்னிப்பார் என்றேன். அவளுக்காகச் சந்நிதியில் அருச்சனையும் செய்வித்தேன், அவளுடைய பெயரிலேயே. அவள் என் கையை முத்தமிட்டாள். போகும்போது ஞானாம்பிகையிடம், இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நன்மை இலைத்தண்ணீர் ஒன்றுதான் என்று சொல்லச் சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இப்போது அவள் ஆடுவதில்லையாம். வேறு ஆட்டக்காரன் எவனும் அவளைச் சோடி சேர்க்கவில்லை. களவாகத் தின்கிறவள் என்று அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். நேர்மையான பிள்ளை.

நான் கொடுத்த மூன்று கிலோவை என் உடம்பிலிருந்தே இறுப்பது என்று முடிவுசெய்தேன். மத்தியானச் சோற்றை விட்டேன். ஒரு முட்டை, பாதி வெள்ளரிக்காய். வெள்ளிக்கிழமை மடத்தில் சாப்பிடுவது பிரசாதம், அது கணக்கில் சேராது. ஞானாம்பிகைக்கு விரதம் என்று சொன்னேன்.

இன்று அவள் கோயிலுக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு மெஷினில் ஏறினேன். அவர்கள் வருமுன் எழுபத்தொன்று இருந்தேன். முள் அறுபத்தெட்டில் நின்றது. சரியாக மூன்று கிலோ. ஒருவருக்கும் தெரியாமல் கடன் தீர்ந்தது. இறங்கித் திருநீறு பூசிக்கொண்டேன்.

அடியில் இருக்கும் அந்தச் சக்கரத்தை நான் இன்னும் திருப்பி வைக்கவில்லை.