முன்கனம்

காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. "துப்பாக்கிக்கு இன்னும் முன்கனம் வேணும்க்கா" என்று எனக்கு முன் சீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. பூக்கூடையோடு நின்றிருந்த அம்மாள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

"மெதுவா பேசுடி. போட்டிக்குச் சுடுற துப்பாக்கின்னு இங்க யாருக்குத் தெரியும்?" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

"குழலுக்கு அடியில வெயிட் மாட்டினா முனை ஆடாம நிக்கணும். நேத்து இன்னொண்ணும் மாட்டிட்டேன். அப்பவும் ஆடுது."

"இன்னும் ஒண்ணு மாட்டிப் பாரேன்."

"இதுக்கு மேல ஏத்தினா போட்டியில சேத்துக்க மாட்டாங்க. கனத்துக்கு அளவு இருக்குக்கா."

"அப்ப பிடி சரியில்லையோ என்னவோ."

"பிடியையும் என் கைக்குத் தகுந்த மாதிரி செதுக்கியாச்சு. கோச் வாங்கித் தூக்கிப் பாத்தாரு. அவர் கையில அசையவே இல்ல."

அக்கா திரும்பித் தங்கையின் கண்களைப் பார்த்தாள்.

"உனக்குத் தூக்கம் பத்தல. காபியை விடு."

"விட்டு ஒரு மாசம் ஆச்சுக்கா."

கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். தங்கை இடது கையை நீட்டி வாங்கினாள்.

"என்னடி இது, சோத்துக் கையால வாங்கக் கூடாதா?"

தங்கை வலது கையைத் துப்பட்டாவுக்குள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்போ, அவரும் முதல்ல பேனாவைத்தானே மாத்தி மாத்திப் பாத்தாரு?" என்றாள் அக்கா.